ஐம்பதைத் தாண்டி நார்தர்ன் சோல்: காதுல ஏறினா கால் தானா வரும்

இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் குடி வந்து ரொம்ப வருஷமாச்சு, ஆனா நார்தர்ன் சோல்னு, அறுபதுகளோட அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாட்டுக்கு ஆடுற ஒரு உலகம் பக்கத்துத் தெரு கிளப்லயே இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சது ஐம்பது தாண்டினப்புறம் தான். இப்ப மாசத்துல ஒரு சனிக்கிழமையாவது போய் ஆடலேன்னா என்னமோ மாதிரி இருக்கு. தோழிங்க சில பேர் "எனக்கும் ஆசை தான், இந்த வயசுல போய் நின்னா எப்படி இருக்கும், முட்டி தாங்குமா, தனியா போலாமா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்குப் பதிலா தெரிஞ்சத எல்லாம் இங்கயே எழுதிடுறேன், கொஞ்சம் நீளமா தான் போகும்.

வயசப் பத்தி முதல்ல. எழுபதுகள்ல பதினேழு பதினெட்டு வயசுல ஆல்நைட்டருக்கு, அதாவது ராத்திரி பூரா நடக்குற ஆட்டத்துக்குப் போன பசங்களும் பொண்ணுங்களும் தான் இன்னிக்கும் இந்த ரூம்கள்ல பெரும்பாலும் இருக்காங்க, அவங்களுக்கெல்லாம் அறுபது தாண்டிடுச்சு, சில பேருக்கு எழுபது. நீங்க ஐம்பத்தஞ்சு வயசுல உள்ள போனா அங்க உங்கள சின்னப் பொண்ணு லிஸ்ட்ல தான் சேர்ப்பாங்க. இப்ப இருபது முப்பது வயசுப் பசங்களும் நிறைய வர ஆரம்பிச்சிருக்காங்க, அது பெரிய சந்தோஷம். ஆனா உங்க வயச யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்கங்கறத மொதல்ல மனசுல போட்டுக்கங்க.

எனக்கு வழி காட்டினது என் கூட ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாத்த ஒரு அம்மா. ரொம்ப அமைதி, டீ குடிக்கிற நேரத்துல கூட அதிகம் பேச மாட்டாங்க. அவங்க ரிட்டயர் ஆனப்ப ஒரு கிரிக்கெட் கிளப்ல பார்ட்டி வச்சாங்க, நாங்க எல்லாரும் போயிருந்தோம், ஒரு பாட்டு ஆரம்பிச்சதும் இந்தம்மா கைப்பைய என் மடில வச்சுட்டு எழுந்து போய் மரத்தரைல ஒரு சுத்து சுத்தினாங்க பாருங்க, எனக்கு மூச்சே நின்னுடுச்சு. மழமழன்னு வழுக்கிட்டு இடதும் வலதுமா போறாங்க, தலை மட்டும் ஆடாம நேரா நிக்குது, முகத்துல அப்படி ஒரு நிம்மதி. திரும்பி வந்ததும் "இது எங்க கத்துக்கிட்டீங்க"ன்னு கேட்டேன். "விகன் கேசினோல. நீயும் அடுத்த மாசம் வா"ன்னாங்க. அவ்வளவு தான் நடந்துச்சு.

இது என்ன சங்கதின்னு தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்லணும், தெரிஞ்சா தான் ஆடும்போது எதுக்கு மரியாதை குடுக்குறோம்னு புரியும். அறுபதுகள்ல டெட்ராய்ட், சிகாகோ மாதிரி அமெரிக்க ஊர்கள்ல கறுப்பினப் பாடகர்கள் ஏழு இன்ச் ரெக்கார்டா பாட்டு போட்டுத் தள்ளினாங்க. மோடவுன்ங்கற ரெக்கார்டு கம்பெனியோட பாட்டெல்லாம் உலகம் முழுக்க ஓடிச்சு. அதே சவுண்ட பிடிக்கணும்னு சின்னச் சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காரங்க போட்டது எக்கச்சக்கம், அதுல நிறைய பாட்டு சொந்த ஊர்லயே விக்காம குடோன்ல தூங்கிச்சு. அந்தப் பாட்டுகளத் தேடித் தேடி எடுத்துட்டு வந்து போட்டு ஆடினது மில்லுலயும் ஃபேக்டரிலயும் வாரம் பூரா உழைச்ச வட இங்கிலாந்துப் பசங்க. மான்செஸ்டர்ல ட்விஸ்டட் வீல்னு ஒரு கிளப், 1971 வரைக்கும் ராத்திரி பூரா ஆட்டம் நடந்துச்சு. அப்புறம் ஸ்டோக் பக்கத்துல டன்ஸ்டால்ல கோல்டன் டார்ச், அது 1973-ல மூடிச்சு. பிளாக்பூல் ஊர்ல மெக்காங்கற நடன ஹாலோட ஹைலேண்ட் ரூம் ஒரு பக்கம். எல்லாத்துக்கும் மேல விகன் கேசினோ, 1973 செப்டம்பர் 23-ல ஆரம்பிச்சு 1981 டிசம்பர் 6 வரைக்கும் ஓடிச்சு. பேரு தான் கேசினோ, சூதாட்டமெல்லாம் கிடையாது, பழைய பால்ரூம், நடுராத்திரிக்கு மேல கதவு திறந்து காலைல எட்டு மணி வரைக்கும் ஆட்டம், ஆல்நைட்டர்ல சாராயம் விக்கவே மாட்டாங்க. இப்ப அந்தக் கட்டடம் இல்ல, அந்த இடத்துல ஷாப்பிங் சென்டர் இருக்கு.

நார்தர்ன் சோல்ங்கற பேர வச்சது டேவ் கோடின்னு ஒரு பத்திரிகைக்காரர், லண்டன்ல சோல் சிட்டின்னு ரெக்கார்டு கடை வச்சிருந்தவர். ஃபுட்பால் மேட்ச் பாக்க வடக்குலருந்து லண்டன் வர்ற பசங்க கடைக்கு வந்து புதுசா வந்த ஃபங்க் வகைப் பாட்டெல்லாம் வேண்டாம், அந்தப் பழைய வேகமான பாட்டு தான் வேணும்னு கேப்பாங்களாம், அவங்களுக்குன்னு தனியா எடுத்து வைக்க வச்ச பேரு இது. 1970-ல ப்ளூஸ் அண்ட் சோல் பத்திரிகைல எழுதி எல்லாருக்கும் பரப்பினாரு. இங்க ஆட வர்றவங்க பேட்ச்லயும் பைலயும் பாப்பீங்க, இறுக்கி மூடின முஷ்டி, சுத்தி "கீப் த ஃபெய்த்"னு, அதாவது நம்பிக்கைய விடாதேன்னு எழுதியிருக்கும், அந்த முஷ்டி அமெரிக்கக் கறுப்பின மக்களோட பிளாக் பவர் போராட்டத்துலருந்து வந்தது. பாடினவங்க யாரு, எந்த நிலமைல பாடினாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு ஆடணும்னு நான் ரொம்ப ஆசைப்படுறேன். வெள்ளைக்காரங்க நிறைஞ்ச ரூம்ல நின்னு நான் இத சத்தமாவே சொல்லுவேன், அங்க இருக்குற பெரியவங்க பாதிப் பேர் என்னைவிட அதிகமா பாடகர்களப் பத்திப் பேசுவாங்க, எந்த ஸ்டுடியோ, எந்த வருஷம், பின்னாடி கோரஸ் பாடினது யாருன்னு வரைக்கும்.

சரி, இப்ப ஆட்டத்துக்கு வருவோம். நான் சொல்ல வேண்டியதுலயே முக்கியமானது இது தான்: ஸ்டெப் கத்துக்கறதுக்கு முன்னாடி பாட்டக் கேளுங்க. ஒரு மாசம் கேளுங்க, சமைக்கும்போது, பஸ்ல, துணி மடிக்கும்போது. வீடியோ பாத்து காலப் பழகிட்டு வர்றவங்கள நான் நிறைய பாத்துட்டேன், ஸ்டெப் எல்லாம் கரெக்டா இருக்கும், ஆனா பாட்டு ஒரு பக்கம் போகும் கால் ஒரு பக்கம் போகும். பாட்டு முழுசா மனப்பாடம் ஆனவங்க ரெண்டே ஸ்டெப் வச்சிருந்தாலும் பாக்க அவ்வளவு அழகா இருக்கும். ஏன்னா இந்த ஆட்டமே பாட்டுக்குள்ள எங்க என்ன வரும்னு தெரிஞ்சு வச்சிருக்கறதுல தான் இருக்கு, எங்க பாடகர் மூச்சு விடுறாரு, எங்க டிரம் மட்டும் தனியா நிக்கும், எங்க பித்தளை வாத்தியமெல்லாம் சேந்து எழும்பும், அந்த இடத்துல தான் சுத்து, அந்த இடத்துல தான் உதை. சில பாட்டுல குறிப்பிட்ட ஒரு இடம் வந்ததும் மொத்த ரூமும் ஒரே நேரத்துல கை தட்டும், படார்னு ஒரே சத்தம், மொத தடவை கேட்டப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

எதக் கேக்கறதுன்னு கேட்டா, ஃபோர் டாப்ஸ் 1965-ல பாடின "ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்" வச்சே ஆரம்பிங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு தான், இந்த சவுண்டுக்கே அது தான் அச்சுன்னு சொல்லுவாங்க. அந்த டிரம்ம மட்டும் தனியா பிடிச்சுக் கேளுங்க. சாதாரணமா பாப் பாட்டுல ரெண்டாவது, நாலாவது அடில தான் டிரம் சட்டுனு விழும், ஆனா இந்த வகைப் பாட்டு நிறையவற்றுல நாலு அடியிலயும் சமமா விழும், தம் தம் தம் தம்னு. அதத் தான் ஸ்டாம்ப்பர்னு சொல்றாங்க. சின்ன வயசுல ஆதி தாளம் போட்டுப் பழகின கைக்கு இது சட்டுனு பிடிபடும், எனக்கு அப்படித்தான் ஆச்சு, தொடைல தாளம் போட்டுக்கிட்டே கேட்டேன், அப்புறம் அந்த அடிய அப்படியே காலுக்கு இறக்கினேன். அடுத்து டோபி கிரே பாடின "அவுட் ஆன் த ஃப்ளோர்", அப்புறம் க்ளோரியா ஜோன்ஸ் பாடின "டெயின்டட் லவ்". இந்த ரெண்டாவது பாட்ட 1981-ல சாஃப்ட் செல்ங்கற பேண்ட் திருப்பிப் பாடி இங்கிலாந்துல நம்பர் ஒன் ஆனது நிறைய பேருக்குத் தெரியும், ஆனா மூலத்தப் பாடினது க்ளோரியா ஜோன்ஸ், நம்மாளு யாராவது தெரியாம சாஃப்ட் செல் பாட்டுன்னு சொன்னா அந்த ரூம்ல ஒரு பெரியவர் பாசமா பக்கத்துல உக்கார வச்சு அரைமணி நேரம் கதை சொல்லுவாரு.

ஸ்டெப்பு இப்படித்தான். பக்கவாட்டுல போகணும், இடது பக்கம் மூணு வலது பக்கம் மூணு மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடை ஒரு கால்லருந்து இன்னொரு காலுக்கு முழுசா மாறணும். பாதி எடைய இந்தக் கால்லயும் பாதிய அந்தக் கால்லயும் வச்சிருந்தா அடுத்த அடிக்குக் கால் நகராது, ஆரம்பிக்கறவங்க தடுமாறுற இடமே இது. முட்டிய லேசா மடக்கி வைங்க, பாதத்தத் தூக்கி வைக்காம தரைய ஒட்டி வழுக்க விடுங்க, இடுப்புக்கு மேல உடம்பு அமைதியா இருக்கட்டும், கைய சும்மா தொங்க விட்டா அது தானா ஆடும். உதையெல்லாம் சின்னதா, கணுக்கால் உயரத்துக்கு. சுத்து வேணும்னா அப்புறமா பழகிக்கலாம், எதிர்ச் சுவத்துல ஒரு இடத்தக் கண்ணால பிடிச்சுக்கிட்டு உடம்பு திரும்பினாலும் தலை கடைசியா திரும்பி மொதல்ல வந்து சேரணும், அப்பத் தான் தல சுத்தாது. பின்னாடி சாஞ்சு கைய ஊனி எழுந்திரிக்கறது, காலப் பரப்பி உக்கார்றது இதெல்லாம் யூட்யூப்ல பிரமாதமா இருக்கும், நம்ம வயசுல அது வேண்டவே வேண்டாம், அத இளவயசுல பண்ணவங்களே இப்ப பண்றதில்ல.

செருப்பு, இல்ல ஷூ, இதுல தான் முட்டியே இருக்கு. அடிப்பாகம், அதான் ஷூவோட சோல், ரப்பர்ல இருக்கற ட்ரெயினர் போட்டு ஆடாதீங்க. ரப்பர் தரையப் பிடிச்சுக்கும், உடம்பு திரும்பும் பாதம் திரும்பாது, அந்த முறுக்கு பூரா நேரா முட்டில போய் நிக்கும். தோல் சோல் வச்ச ஷூ தான் வேணும், லோஃபரோ லேஸ் போட்டதோ எதுவா இருந்தாலும் சரி, குதிகால் தட்டையா, காலோட இறுக்கமா, பின்பக்கம் கழண்டு வராம. புதுசு வாங்கினா விலை அதிகம், நான் சாரிட்டி கடைல பழைய தோல் ஷூ ஒண்ணு வாங்கி மார்க்கெட்ல ஷூ தைக்கிறவர் கிட்ட புதுசா தோல் சோல் வச்சு வாங்கினேன், இன்னிக்கும் அது தான் ஓடுது. அத ரோட்டுல போட்டு நடக்காதீங்க, மழைத்தண்ணி பட்டா சோல் ஊறிப் போயிடும், சின்னச் சின்னக் கல்லு ஒட்டிக்கிட்டா மரத்தரைல கீறல் விழும். பைல எடுத்துட்டுப் போய் உள்ள மாத்திக்கங்க, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. பழைய ஆளுங்க பை தூக்கிட்டு வர்றது அந்தக் காலத்துலருந்தே வழக்கம், மாத்துத் துணி, துண்டு, டால்கம் பவுடர் எல்லாம் அதுல தான் இருக்கும்.

டால்கம் பவுடர்னதும் ஞாபகம் வருது. தரைல கொஞ்சம் தூவினா வழுக்கல் நல்லா கிடைக்கும், ஆனா இப்ப நிறைய ஹால்ல அதுக்குத் தடை. தரை வீணாகும், ஆடாதவங்க நடந்து போகும்போது வழுக்கி விழுவாங்க, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கும் தூசு ஆகாது. கதவுகிட்ட போர்டு இருக்கும், பாத்துட்டு, இல்லேன்னா நடத்துறவங்க கிட்ட கேட்டுட்டு செய்யுங்க. தோல் சோல் நல்லா இருந்தா பவுடரே தேவைப்படாது, என் அனுபவத்துல.

எழுதி வைக்காத சட்டங்கள் சிலது இருக்கு. கைல க்ளாஸ் வச்சுக்கிட்டு ஆடுற தரைக்குள்ள கால் வைக்கவே கூடாது, ஒரு சொட்டு பீர் சிந்தினாலும் யாரோ ஒருத்தர் இடுப்பு போயிடும். பாருக்குப் போக குறுக்கு வழியா தரை நடுவுல நடக்காதீங்க, ஓரமா சுத்திப் போங்க. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கை நீட்டுற அளவு இடம் விடணும், யார் மேலயாவது பட்டுட்டா கைய உயர்த்தி ஒரு சின்ன மன்னிப்பு, அவ்வளவு தான். ரொம்ப வருஷமா ஒரே மூலைல ஒரே இடத்துல ஆடுறவங்க இருப்பாங்க, ரெண்டு மூணு தடவ போனா உங்களுக்கே தெரிஞ்சிடும், அந்த இடத்த விட்டுட்டு பக்கத்துல நின்னுக்கலாம். டிஜே கிட்ட போய் பாட்டு கேக்கறதுக்கு முன்னாடி அந்த ராத்திரி என்ன மாதிரி ராத்திரின்னு பாருங்க. சில இடத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய பாட்டு தான், சில இடத்துல அபூர்வமான பாட்டு மட்டும், சில இடத்துல எழுபதுகளோட மாடர்ன் சோல், மெதுவா போற க்ராஸோவர். இந்தப் பிரிவு எழுபதுகள்லயே ஆரம்பிச்சது, பிளாக்பூல் மெக்கால இயன் லெவின், காலின் கர்ட்டிஸ்னு ரெண்டு டிஜேங்க புதுப் பாட்டு போட ஆரம்பிச்சாங்க, விகன்ல அறுபதுகளோட ஸ்டாம்ப்பர் தான் வேணும்னாங்க, அந்தச் சண்டை இன்னும் பாசமா ஓடிக்கிட்டிருக்கு. முட்டிவலி இருக்கறவங்களுக்கு நான் சொல்றது, மாடர்ன் ரூம் இருக்கற இடமா பாத்துப் போங்க, வேகம் கம்மி, அழகும் குறைச்சல் இல்ல.

ரெக்கார்டு விஷயத்துல தெரிஞ்சுக்க வேண்டியது, சில ராத்திரிகள்ல அசல் ரெக்கார்டு மட்டும் தான் போடுவாங்க, மறுபடி அச்சடிச்சது கூட போட மாட்டாங்க. இது வறட்டுப் பிடிவாதம்னு ஆரம்பத்துல நினைக்கத் தோணும், ஆனா அந்த ஒரு ரெக்கார்ட தேடி எடுத்த உழைப்புக்கு அவங்க குடுக்குற மரியாதை அது. ஃப்ராங்க் வில்சன் மோடவுன்ல 1965-ல பாடின "டூ ஐ லவ் யூ" விக்கறதுக்கே வெளிய வரல, சாம்பிளா அடிச்சதுல ரொம்பக் கொஞ்சம் தான் மிஞ்சிச்சு, அதுல ஒண்ணு 2009-ல 25,000 பவுண்டுக்கு மேல போச்சு, 2020-ல ஒரு லட்சம் பவுண்டுக்கு வித்துச்சு. அவரு அப்புறம் பெரிய புரொடியூசராகி, கடைசில மத போதகரா இருந்து 2012-ல இறந்துட்டாரு. நமக்கு அந்த விலையெல்லாம் தேவையில்ல. ஆடுறதுக்கு ஒரு ரெக்கார்டும் வாங்க வேண்டாம். ஆசை வந்தா ஹால் ஓரத்துல பெட்டி பெட்டியா வச்சு விப்பாங்க, சில பவுண்டுக்கே நல்ல பாட்டு கிடைக்கும், விக்கறவர் கிட்ட எனக்கு இந்த மாதிரி பிடிக்கும்னு சொன்னா போதும், அவரே எடுத்துக் குடுப்பாரு.

இப்ப நம்ம பொண்ணுங்க கேக்குற கேள்வி, தனியா போலாமா. போலாம். எனக்கு இதுல முதல்ல பிடிச்சதே இந்த ஆட்டத்துக்கு ஜோடி வேண்டாம்ங்கறது தான். யாரும் வந்து கை நீட்டிக் கூப்பிட மாட்டாங்க, யார் கையையும் பிடிக்க வேண்டாம், யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம், தரைல உங்க இடத்துல நீங்களும் பாட்டும் மட்டும். எங்க வீட்டுக்காரருக்கு ஆடுறதுல இஷ்டமில்ல, சில நாள் வந்து ஓரமா உக்காந்து பை அண்ட் பீஸ், அதாவது இறைச்சி வச்ச பையும் பட்டாணியும் சாப்பிட்டுட்டு ராஃபிள் டிக்கெட் வாங்குவாரு, சில நாள் நான் மட்டும் போவேன். ரூம்ல பெரும்பாலும் நான் ஒருத்தி தான் நம்ம நிறத்துல இருப்பேன், ஆரம்பத்துல சில பேர் திரும்பிப் பாத்தாங்க, பாட்டு போட்டதும் அத விட்டுட்டாங்க, மூணாவது வாரம் "ஆர் யூ ஆல்ரைட், லவ்"னு நாற்காலி இழுத்துப் போட்டாங்க. சின்ன ஊர் கிளப், முன்னாள் ராணுவக்காரங்களோட லீஜன் ஹால், கிரிக்கெட் கிளப் இதுல நடக்குற சோல் நைட்ல ஆரம்பிக்கறது நல்லது, சாயந்தரம் எட்டு மணி வாக்குல ஆரம்பிச்சு நடுராத்திரிக்குள்ள முடிஞ்சிடும், சில பவுண்டு தான் டிக்கெட். சீக்கிரம் போங்க, முதல் ஒரு மணி நேரம் தரை காலியா இருக்கும், டிஜேயும் மெதுவான பாட்டா போடுவாரு, பழகறதுக்கு அத விட நல்ல நேரம் கிடையாது.

துணிக்குன்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. சுத்தும்போது குடை மாதிரி விரியுற பாவாடை நிறைய பேர் போடுவாங்க, எனக்கு லூசான காட்டன் பேன்ட் தான் வசதி. வேர்த்து ஊத்தும், அதனால மாத்துச் சட்டை ஒண்ணும் சின்னத் துண்டும் கட்டாயம். புடவை, நீளமான துப்பட்டா ரெண்டும் வேண்டாம், கால்ல மாட்டும்.

உடம்பு விஷயத்துல நான் கண்டிப்பா இருக்கேன். போறதுக்கு முன்னாடி கெண்டைக்காலும் இடுப்பும் நல்லா நீட்டி மடக்கிட்டுத் தான் கிளம்புவேன். மூணு பாட்டு ஆடினா ஒரு பாட்டு உக்காருவேன், எவ்வளவு பிடிச்ச பாட்டு வந்தாலும். தண்ணி பாட்டில் கூடவே. கார்ப்பெட் மேலயும் சிமென்ட் தரை மேலயும் ஆட மாட்டேன், அடியில கொஞ்சம் துள்ளல் இருக்கற மரத்தரை தான் மூட்டுக்கு நல்லது, பழைய பால்ரூம் தரையெல்லாம் அப்படித்தான் கட்டியிருப்பாங்க. ஸ்பீக்கர் பக்கத்துல நிக்காதீங்க, காதுக்கு இயர்ப்ளக் வாங்கி வச்சுக்கங்க. சர்க்கரையோ பிரஷரோ இருந்தா டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. வீட்ல பழகறதா இருந்தா கிச்சன் டைல்ஸ்ல காலுறையோட வழுக்காதீங்க, அந்தத் தோல் ஷூவப் போட்டுக்கிட்டு, பக்கத்துல பிடிச்சுக்க மேடை இருக்கற மாதிரி நின்னு பழகுங்க.

ஆல்நைட்டர் போறதுக்கு அவசரப்பட வேண்டாம். சின்ன ராத்திரிகள்ல ஒரு வருஷமாவது ஆடிட்டுப் போங்க, உடம்புக்குத் தாங்கும், பாட்டும் நிறைய தெரிஞ்சிருக்கும். எழுபதுகள்ல ராத்திரி முழிச்சிருக்க மாத்திரை போட்டவங்க உண்டு, அதனால உடம்பும் குடும்பமும் கெட்டவங்களும் உண்டு, பெரியவங்க அத மறைக்காம சொல்றாங்க. நான் போற இடங்கள்ல இப்ப ஓடுறது டீயும் தண்ணியும் வாழைப்பழமும் தான். மதியம் நல்லா தூங்கிட்டுப் போங்க. கேசினோல காலைல எட்டு மணிக்கு மூடுறதுக்கு முன்னாடி எப்பவும் அதே மூணு பாட்டு தான், ஜிம்மி ராட்க்ளிஃப், டோபி லெஜண்ட், டீன் பேரிஷ் பாடினது, அத த்ரீ பிஃபோர் எய்ட்னு சொல்லுவாங்க, இன்னிக்கும் நிறைய இடத்துல ராத்திரிய அத வச்சுத் தான் முடிக்கறாங்க. அந்த மூணும் போடும்போது தரைல நில்லுங்க, கால் எவ்வளவு வலிச்சாலும், ஏன்னா சுத்தி நிக்கறவங்க முகத்த அப்பப் பாக்கணும். முடிஞ்சதும் உடனே காரை எடுக்காதீங்க. கார் சீட்ட சாய்ச்சு ஒரு மணி நேரமாவது தூங்கி எழுந்து, ஒரு டீ குடிச்சுட்டு அப்புறம் கிளம்புங்க, இல்ல ரெண்டு மூணு பேரா சேந்து முதல் ட்ரெயின பிடிச்சு வாங்க.